தூறலுக்குப் போடும் மோட்டார்

அந்த போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். பருப்பு வேகாது. சோப்பு எத்தனை தேய்த்தாலும் நுரை வராது. துணியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் திரௌபதி பீட்ரூட் விளைவிக்கிறாள் என்று நான் டீக்கடையில் சொன்னால், "இன்னா முருகையா, காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?" என்று கேட்பார்கள். நான் குடிக்கிறவன் இல்லை, லோடு வண்டி ஓட்டுகிறவன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் காய், கீரை ஏற்றிக்கொண்டு போய்த் திருவண்ணாமலை மார்க்கெட்டிலும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளிலும் இறக்குவது என் பிழைப்பு. பன்னிரண்டு கொல்லைகளுக்குப் போவேன். அதில் கடைசி நிறுத்தம் திரௌபதியின் கொல்லை. அங்கே மட்டும் வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருவேன். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் வேர்க்கடலைத் துவையலும் எனக்கென்று எடுத்து வைத்திருப்பாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் "அண்ணா" என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை நான் போனபோது அவள் வரப்பில் குந்திக்கொண்டு, கொட்டாங்கச்சியால் எதையோ வழித்து வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். செடி நட மண்ணை நீளமாக மேடு கட்டியிருந்த பாரின் உச்சி முழுக்கக் கோலமாவு சிந்தினாற்போல் வெளுத்துக் கிடந்தது.

"இன்னாம்மா இது?"

"உப்புண்ணா. ராத்திரில பூத்துட்டு காலையில வந்து நிக்கும். வெயில் ஏர்றதுக்குள்ள வழிச்சிடணும். இல்லன்னா மறுபடி எறங்கிடும்."

"இதுலயா கீர வெச்சிக்கிற?"

"மேல வெச்சாதான் சாவும். உப்பு எப்பவும் ஒசரத்துக்குத்தான் போவும், பாரோட உச்சியில போய் குந்திக்கும். நான் உச்சியில செடி நட மாட்டேன். பாரோட இடுப்புல நடுவேன். பாத்தீங்களா?"

பார்த்தேன். பாரின் சரிவில், பாதி உயரத்தில், வரிசையாகக் கீரை நின்றது. உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து அதைப் பூவுக்கு முன்னால் மடக்கி உழுதது, ஜிப்சம் போட்டது, எது உப்பு தாங்கும் எது தாங்காது என்று நாலு வருஷம் நட்டு நட்டுச் சாகக் கொடுத்துப் பார்த்தது எல்லாவற்றையும் அவள் கூழ் ஊற்றிக்கொண்டே சொல்வாள். கத்தரி முக்கால்வாசி ஏமாற்றும். கொத்தவரை தாங்கும். பீட்ரூட் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

"மொத இருபது நாளு நல்ல தண்ணி குடுத்துடணும்ணா. பச்சப்புள்ளைக்கு பால் குடுக்கறாப்ல. அதுக்கப்புறம் ரெண்டு தபா உப்புத்தண்ணி, ஒரு தபா நல்ல தண்ணி. வேர் புடிச்சிட்டா அது பாட்டுக்கு வரும்."

நல்ல தண்ணீர் கிணற்றில் இருந்தது. கிணறு அவள் மாமனார் வெட்டியது. அவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பொது. மூத்தவன் சக்கரவர்த்தி, திரௌபதியின் புருஷன். இளையவன் அன்பரசன். மூன்று நாள் மூத்தவன் முறை, மூன்று நாள் இளையவன் முறை, ஏழாம் நாள் யாரும் மோட்டார் போடாமல் கிணற்றை ஊற விட வேண்டும். பங்காளிக் கிணற்றுத் தண்ணீரைக் கொல்லை தாண்டி வெளியே கொண்டு போவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. கல்யாணத்துக்கு ஒரு பேரல் கேட்டால்கூட இரண்டு பேரையும் கேட்டுத்தான் எடுப்பார்கள்.

சக்கரவர்த்தி விவசாயத்தை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலை. புல்தரை, ரோஜா, வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள ஒரு குடிசை, அதைச் சுற்றி மூங்கில். காலையில் டிபன் பாக்ஸோடு மொபெட்டில் போனால் பொழுது சாயத்தான் வருவான். பேச்சு மெத்தென்று இருக்கும். அதட்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பொண்ணு கவிநிலா வேலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில். அன்பரசன் ரோட்டோரம் தனியாக வீடு கட்டிக்கொண்டு மாடு வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி அன்புச்செல்விக்கு இரண்டு வயதில் ஒரு பையன்.

போன பொங்கலுக்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. அடி அண்ணாமலைப் பக்கம் வீட்டு மனை போடுகிற ஒருவன் இந்தப் பக்கமும் இடம் தேடினான். அவனுக்கு அண்ணன் தம்பி இரண்டு பங்கும் கிணறும் சேர்ந்து வேண்டும். ஒன்று மட்டும் என்றால் வேண்டாம். அன்பரசனுக்குக் கொடுக்க ஆசை. சக்கரவர்த்தி நடுவில் நின்றான். திரௌபதி கொடுக்க மாட்டேன் என்றாள்.

அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். களி கிண்டி காராமணிக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

"பத்து செண்டுல பீட்ரூட் எடுத்தேனா இல்லையா? முருகையண்ணன கேளு. கடைக்காரன் இன்னா சொன்னான்?"

"தித்திப்பா இருக்குதுன்னு சொன்னான்" என்றேன். நிஜமாகவே சொன்னான். உப்புத் தண்ணீரில் வந்த பீட்ரூட் கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

"இந்த தபா ஒரு ஏக்கரா போடறேன். ஒரே ஒரு போகம். வந்துதுன்னா என் கொல்லைய பத்தி யாரும் பேசக்கூடாது. வரலியா, நானே எந்திரிச்சி போறேன், வித்துக்குங்க."

சக்கரவர்த்தி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "சரி. இந்த ஒரு போகம் உன்னுது. நான் குறுக்க நிக்கமாட்டேன்." அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையில் அடித்துக் கொடுத்தான்.

"அன்பு, நீயும் ஒண்ணு சொல்லணும். தூறல் விழுந்தா உன் மொற என் மொறன்னு பாக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நான் மோட்டார் போட்டுக்குவேன்."

"மழ பேஞ்சா எதுக்கு அண்ணி மோட்டாரு?" அன்பரசன் சிரித்தான்.

"பெரிய மழ பேஞ்சா தேவையில்ல. உப்ப அடிச்சிகினு கீழ எறக்கிட்டு போய்டும். தூறல்தான் பேஜாரு. மேல பூத்து நிக்கறத கரைச்சி, நேரா வேர்ல கொண்டாந்து வெச்சிட்டு நின்னுடும். உடனே நல்ல தண்ணி கட்டி அத்த கீழ தள்ளிடணும். கம்மியா மழ பேஞ்சா ஜாஸ்தியா தண்ணி கட்டணும். புரியுதா?"

"புரியல. ஆனா போட்டுக்க. நான் இன்னா தண்ணிய மூட்ட கட்டி எடுத்துனு போப்போறனா?"

எல்லோரும் சிரித்தோம். தூறலில் நனைந்துகொண்டே தண்ணீர் கட்டுகிறவள் என்று ஊரில் அவளைக் கிண்டல் பண்ணுவது வாடிக்கை. நானும் பண்ணியிருக்கிறேன்.

மார்கழி கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கிணற்றிலிருந்து ரோடு வரைக்கும் பள்ளம் வெட்டி பைப் புதைத்தார்கள். மாட்டுக் கொட்டகைக்குத் தண்ணீர் என்றான் அன்பரசன். சக்கரவர்த்தி ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து மண்வெட்டி பிடித்தான். தம்பிக்காக இவ்வளவு பண்ணுகிறானே என்று திரௌபதிக்குச் சந்தோஷம். இரண்டு பேருக்கும் கூழ் கரைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு போய் ஊற்றினாள். வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

தை கடைசியில் பீட்ரூட் விதை போட்டாள். ஒரு ஏக்கரும் பார் பிடித்து, பாரின் இடுப்பில் விரலால் குழி போட்டு விதைத்தாள். நான்கு நாள் கூலிக்கு ஆள் வைத்தாள், மற்ற நாளெல்லாம் தனியாகத்தான். அவள் உள்ளங்கை உப்பு அறுத்து அறுத்து வெடித்திருந்தது. ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவுவாள் போல. சொம்பைக் கொடுக்கும்போது அந்த வாசனை வரும். ஏழாம் நாள் முளை கண்டது. சிவப்புத் தண்டு, நகத்தளவு இலை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"கெணத்துல மட்டும் ஊத்து கம்மியா இருக்குதுண்ணா. மாசியிலயே இவ்ளோ எறங்காது."

"அவருகிட்ட கேட்டியா?"

"அடியில சேறு ஜாஸ்தியாயிடுச்சி, சித்திரையில தூர் வாரலாம்னு சொல்லிச்சு. இருக்கும்."

அவன் சொன்னால் அவளுக்கு அத்தோடு சரி. புருஷன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் கலையாததால் டவுனுக்குள் வண்டி போகாது என்று நான் மெதுவாகத்தான் கிளம்பினேன். திரௌபதி கொல்லைக்கு வந்தபோது மணி பத்து. கொத்தவரையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் கறுத்து வந்தது. பொட்டுப் பொட்டாக விழுந்தது. மண் வாசனை எழும்பியது. எனக்குச் சுகமாக இருந்தது. அவள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மோட்டார் கொட்டகையில் சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் வாய்க்காலில் வந்தது. நான்கு பார் தாண்டவில்லை, மோட்டார் காற்று இழுக்க ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன். திரௌபதி கிணற்றுப் படியில் நின்றிருந்தாள். கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. பாறையின் நடுவில் ஒரு குண்டான் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர்.

"நேத்து காலையில அடியில இருந்து எட்டு படி நின்னுதுண்ணா தண்ணி."

"அன்பரசன் மொறதானே? மாட்டுக்கு போட்டிருப்பான்."

"நாலு மாடு எட்டு படி தண்ணி குடிக்குமா?"

அவள் பைப் போன வழியே நடந்தாள். நானும் போனேன். மாட்டுக் கொட்டகைக்கு ஒரு முனை போனது. இன்னொரு முனை கொட்டகைக்குப் பின்னால், புளிய மரங்களுக்கு நடுவே ரோட்டோரமாக எழும்பி நின்றது. வால்வு, அதில் கட்டின ரப்பர் குழாய். கீழே சேற்றில் லாரி டயர் தடம் பாதி உலர்ந்தும் பாதி ஈரமாகவும் இருந்தது. பல நாள் தடம்.

திரௌபதி அந்தத் தடத்தையே பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அவருக்கு போன் போட்டா எடுக்கல. நீங்க டவுனுக்குதானே போறீங்க? போய் கையோட இட்டாந்துடுங்கண்ணா. தம்பி இப்டி பண்ணிட்டான்னு சொல்லுங்க. அண்ணன் கேட்டாதான் அவன் வாய தொறப்பான்" என்றாள்.

"செடிக்கு இன்னா பண்ணுவ?"

"போர் தண்ணியவாவது போட்டு தள்ளிப் பாக்கறேன். வேற இன்னா இருக்குது?"

நான் வண்டியை எடுத்தபோது அவள் தூறலில் ஓடி ஓடிப் பாரின் உச்சியை இரண்டு கையாலும் வழித்து வழித்து எறிந்துகொண்டிருந்தாள். வழிப்பதற்கு முன்னாலேயே அது கரைந்து போயிருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. உள்ளே சம்ப்பில் குழாயை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவன் சக்கரவர்த்தி. குழாய் துள்ளியதில் சட்டை, தலை எல்லாம் நனைந்திருந்தது. டவுனில் தூறலே இல்லை.

லாரி டிரைவர் என் வண்டியில் கீழ்பென்னாத்தூர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அந்த பக்கமாண்ணா? நல்ல தண்ணிண்ணா இவங்க கொல்லத் தண்ணி. ரெண்டு மாசமா அடிக்கறேன். இங்க தங்கறவங்க எல்லாம் தல முடி மெத்துனு ஆயிடுச்சின்றாங்க" என்றான்.

சக்கரவர்த்தி குழாயைக் கீழே போட்டான். எனக்குக் கை ஓங்கியது. ஆனால் அடிக்கவில்லை. "உன் பொண்டாட்டி கூப்பிடறா, வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னேன்.

வண்டி அவலூர்பேட்டை ரோட்டில் திரும்பியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"உன் தம்பி பண்ணான்னு நெனச்சிகினு கீது அந்தம்மா."

"தம்பியும்தான் பண்ணான்."

"லாரி யாரு ஏற்பாடு?"

"நான்தான். ஓனரு கேட்டாரு. போர் தண்ணியில பாத்ரூமெல்லாம் வெள்ள பூக்குது, ரூமுக்கு வர்றவங்க கத்தறாங்க, நல்ல தண்ணிக்கு வழி பண்ணுன்னாரு. பின்னால ஒரு வீடு காலியா இருக்குது. அத்த எங்களுக்கே குடுக்கறேன்னாரு."

"பைப்பு பொதைக்கறப்ப கூழ் எடுத்தாந்து ஊத்துச்சே, அப்ப உனக்கு தொண்டையில எறங்குச்சா?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணைத் துடைத்தான். அந்த அழுகை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

"நீங்க காலையில வந்து அரை மணி நேரம் பாத்துட்டு போறீங்க. நான் இருபது வருஷமா பாக்கறேன். அவ கைய பாத்திருக்கீங்களா? ரத்தம் கசியும். விட்டுடுன்னா விடமாட்டா. என்னிக்காவது நான் சொல்லி கேட்டிருக்காளா? தானா ஒருநாள் அலுத்துப் போனாத்தான் உண்டு. இந்த போகம் கெட்டா விட்டுடுவேன்னு அவளே சொன்னா இல்ல?"

"அப்ப வேணும்னேதான் பண்ண."

"வேணும்னு பண்ணல." ஈரச் சட்டையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னான். "கெட்டா கெடட்டும்னு இருந்தேன்."

அதைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டினேன். வெட்டுகிறேன் குத்துகிறேன் என்று நிற்கிறவனைக்கூடத் தடுத்துவிடலாம். மெத்தென்று பேசி, கையில் அடித்துக் கொடுத்துவிட்டு, கெட்டால் கெடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது?

"முருகையண்ணா, உங்க கால்ல விழறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அவ என்கூட இருக்கமாட்டா. நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். சம்மதம்தான். ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற பாவம் நமக்கெதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. வெறும் பயம்.

நாங்கள் போனபோது தூறல் நின்று வெயில் அடித்தது. போர் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. திரௌபதி முழங்கால் வரைக்கும் சேறோடு வந்தாள். புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு முகம் உடைந்துவிட்டது.

"பாத்தியா உன் தம்பி பண்ண வேலைய? கெணத்தையே வழிச்சி வித்துட்டான்."

"இரு, நான் கேக்கறேன் அவன" என்றான் சக்கரவர்த்தி. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"அது இருக்கட்டும், இன்னா இப்டி நனைஞ்சி வந்துக்கிற? அங்கயும் மழையா? வேலைய போட்டுட்டு ஓடியாந்தியா?" தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். அவன் குனிந்து கொடுத்தான். நான் திரும்பி வண்டிக்கு நடந்துவிட்டேன்.

அடுத்த நாள் இலை ஓரம் லேசாகச் சுருண்டது. இரண்டாம் நாள் பழுப்பு ஏறியது. மூன்றாம் நாள், அனலில் காட்டினாற்போல் ஓரமெல்லாம் கருகி, தண்டு படுத்துவிட்டது. ஒரு ஏக்கரும். திரௌபதி ஒவ்வொரு பாராகக் குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். எனக்குக் கூழ் ஊற்ற மறக்கவில்லை. என்னால்தான் குடிக்க முடியவில்லை. வயிறு சரியில்லை என்றேன். "மோர் வேணா தரட்டுமாண்ணா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் காலையில் நான் போனபோது அவள் கூழ் வைக்கவில்லை. செத்த செடி நின்ற பாரில் உட்கார்ந்து மண்ணை வாரி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பொம்பளைகள் மண்ணை வாரி விடுவது லேசில் நடக்காது. கோர்ட், போலீஸ், பஞ்சாயத்து எல்லாம் போய்க் கைவிட்ட பிறகு, பாதிக்கப்பட்டவள் தன் மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கெடுத்தவன் வாசலில் எறிந்து வயிறெரிந்து சொல்லிவிட்டு வருவாள். எறிந்தது எறிந்ததுதான். அந்த வீட்டில் பிறகு ஒரு மாடு செத்தாலும் ஊர் அந்த மண்ணைத்தான் சொல்லும்.

"வேணாம்மா" என்றேன்.

"அவன் ஒரு வார்த்த தப்புன்னு சொல்லலண்ணா. நாலு நாளா வாசல்ல நின்னு கேக்கறேன். தலைய தொங்க போட்டுகினு நிக்கறான். அவருக்கும் கேக்க வாய் வரல, தம்பி பாசம். நான்தான் கேக்கணும்."

அவள் முன்னால் நடந்தாள். அன்று சக்கரவர்த்தி வேலைக்குப் போகவில்லை, பின்னால் வந்தான். நானும் போனேன். எதிரே வந்த பொம்பளைகள் அவள் முந்தானையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்பரசன் வாசலில் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். அவள் முதல் பிடியை எறிந்தாள்.

"என் பச்சைய கருக்கினவன் வாசல்ல பச்ச நிக்கக் கூடாது!"

அவன் அசையவில்லை. அண்ணனைப் பார்த்தான். சக்கரவர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டாம் பிடி விழுந்தது.

"என் தண்ணிய வித்தவன் வாய்க்கு கடசீல தண்ணி கெடைக்கக் கூடாது!"

மூன்றாம் பிடிக்கு அவள் கை ஓங்கியபோது உள்ளேயிருந்து அன்புச்செல்வி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மண் சிதறிக் குழந்தையின் காலில் பட்டிருந்தது. அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே கத்தினாள்.

"நிறுத்துக்கா! என் வீட்டுக்காரரு பண்ணது தப்புதான். இல்லன்னு நான் சொல்லல. ஆனா லாரிய இட்டாந்தது யாரு? எந்த கெஸ்ட் ஹவுஸுக்கு போவுது அந்த தண்ணி? கேளு, உன் பின்னாலதான் நிக்கறாரு, கேளு! அண்ணன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு இந்த மனுஷன் வாய கட்டிகினு நிக்குது. மண்ணு முழுக்க என் வாசலுக்கேவா? என் புள்ள தலைக்கேவா?"

திரௌபதியின் கை அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"எப்பத்துல இருந்து?"

"தூறல் விழுந்த அன்னிக்கே."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சக்கரவர்த்தி பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"அன்னிக்கு நனைஞ்சி வந்தியே. அது மழையா?"

அவன் தம்பியைப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல. மழையா?"

"இல்ல... லாரி குழா புடிச்சிகினு இருந்தேன்."

"நான் தொவட்டி விட்டேன்."

"உனக்காகத்தான் திரௌபதி. உன் கைய பாத்து பாத்து மனசு தாங்கல. டவுன்ல ஒரு வீடு குடுக்கறேன்னாங்க..."

"என் கை நோவுதுன்னு நான் உன்கிட்ட சொன்னனா?"

அவள் குந்தி உட்கார்ந்தாள். அன்பரசன் வாசலில் எறிந்த மண்ணை இரண்டு கையாலும் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். சாணி தெளித்த தரை. ஈரத்தில் ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். வாசற்படி இடுக்கில் விழுந்ததை விரலை விட்டு எடுத்தாள். குழந்தையைக் கிட்டே கூப்பிட்டு, அவன் காலில் ஒட்டியிருந்ததைத் துடைத்து அதையும் முந்தானையில் போட்டுக்கொண்டாள். அன்பரசன், "விடு அண்ணி, தப்பு என்மேலயும் இருக்குது" என்று அழுதான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சக்கரவர்த்தி பக்கத்தில் வந்து குனிந்து ஒரு பிடி அள்ளப் போனான்.

"நீ தொடாத."

கை பின்னுக்குப் போய்விட்டது.

அவள் எழுந்து வந்த வழியே நடந்தாள். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை, எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள். காலையில் அவள் போட்ட கோலம் இருந்தது.

"ஐயோ, சொந்த வாசல்லயா?" என்று யாரோ சொன்னார்கள்.

சக்கரவர்த்தி ஓடிவந்து குறுக்கே நின்றான். "வேணாம் திரௌபதி. கவிநிலா இருக்கறா. அவ நடந்து வர்ற வாசலு இது."

"அவ இனிமே இந்த வாசலுக்கு வரமாட்டா. நான் இருக்கற எடத்துக்கு வருவா."

முந்தானையை அவிழ்த்து உதறினாள். மண் முழுக்கக் கோலத்தின் மேல் விழுந்தது. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். படியில் கால் வைக்காமல் திரும்பி, கொல்லைக்குப் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள். மனை போடுகிறவன் ஆள் அனுப்பியபோது, "அந்தாளு பேர்ல இருக்குது, வித்துக்கட்டும். என்ன தாண்டி வந்து அளந்துக்குங்க" என்றாளாம். இதுவரை யாரும் அளக்க வரவில்லை. ரோட்டோரம் இருந்த வால்வை அன்பரசனே பிடுங்கிப் போட்டான். சக்கரவர்த்தி அந்த வாசலைக் கூட்டவும் தைரியமில்லாமல், தாண்டவும் தைரியமில்லாமல், கெஸ்ட் ஹவுஸில் குழாய், மண்வெட்டி போட்டு வைக்கிற அறையிலேயே படுத்துக்கொள்கிறான் என்று கேள்வி.

அவள் மண் எறிந்து இரண்டு நாள் கழித்து வழக்கம்போல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கருகின செடியெல்லாம் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தது. கிணறு கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும், வாய்க்கால் நனைந்திருந்தது. அவள் பாரின் இடுப்பில் விரலால் குழி போட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் கொத்தவரை இரண்டு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. நான் இறங்கி ஒரு மூட்டையைத் தூக்கினேன்.

"அத்த வெச்சிடுங்க" என்றாள், நிமிராமலே. "பலராமன் வண்டிக்கு சொல்லிட்டேன். ஒம்போது மணிக்கு வருவாரு."

நான் மூட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.